வீட்டுலயே பிள்ளைங்களுக்குத் தத்துவம் சொல்லித்தரணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நகரி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஆந்திராவுல, நகரியில இருக்கோம். வீட்டை ஒட்டின கொட்டகையில விசைத்தறி ஓடுது, லுங்கி நெய்யறோம். வீட்டுக்குள்ள தமிழ், தெருவுல தமிழும் தெலுங்கும் கலந்து, பள்ளிக்கூடத்துல இங்கிலீஷும் தெலுங்கும். தமிழ் எழுத்து மட்டும் நான்தான் ராத்திரி தறி நின்ன பிறகு உக்கார வெச்சு சொல்லித் தர்றேன். பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு அஞ்சு.

பெரியவ கேக்கற கேள்விங்கதான் என்னை இங்க எழுத வெச்சுது. போன வாரம் நெசவுக்கு நூல் தார் சுத்திக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னு செவப்பு நூல்கண்டைக் கையில எடுத்தா. "அம்மா, இது எனக்குத் தெரியற மாதிரியேதான் தம்பிக்கும் தெரியுதா? அவனுக்கு இது நம்ம பச்சை மாதிரி தெரிஞ்சு, ஆனா அதுக்குப் பேரு செவப்புன்னு நாம சொல்லிக் குடுத்துட்டதால அவனும் செவப்புன்னு சொன்னா, நமக்கு எப்படித் தெரியும்?" எனக்குக் கை அப்படியே நின்னுடுச்சு. இன்னொரு நாள் அவ அப்பாகிட்ட, "நான் பொறக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்தேன்?"னு கேட்டா. "எங்கயும் இல்லம்மா"ன்னார். "எங்கயும் இல்லாதது எப்படி வந்துச்சு?"ன்னா. அவர் சிரிச்சுக்கிட்டே எங்கிட்ட தள்ளி விட்டுட்டார்.

நான் பி.காம். படிச்சவ. தத்துவம்னா எனக்குத் தெரிஞ்சது கோயில்ல கேட்ட சொற்பொழிவு அளவுதான். ஆனா இந்தக் கேள்விங்க எல்லாம் வீணாப் போகக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது. சாயந்திரம் கோயில்ல தேவார வகுப்பு நடக்குது, அனுப்பறேன், நல்லா பாடறா. அது வேற, இது வேறன்னு தோணுது. சரியா? இதுக்குன்னு பாடப் புத்தகம் ஏதாவது உண்டா? இன்னொண்ணும் கேக்கணும். என் மாமியார் நல்ல மனுஷி, ஆனா "பெரியவங்க ஒண்ணு சொன்னா அதுக்கு ஏன் எதுக்குன்னு கேக்கற பழக்கத்தை நீயே வளர்க்காதே"ன்னு சொல்றாங்க. அவங்க மனசும் நோகக் கூடாது, பிள்ளை வாயையும் அடைக்கக் கூடாது. வீட்டுல செஞ்சு பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

சித்தூர்த் தம்பி:

அக்கா, நம்ம பக்கத்து மண்ணுக்கே இந்த வாசனை உண்டு. ராதாகிருஷ்ணன் 1888ல பொறந்தது திருத்தணியில, உங்க ஊர்லருந்து ரயில்ல போனா எட்டிப் பிடிக்கிற தூரம். தத்துவம் பேசின ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895ல மதனப்பள்ளியில பொறந்தார், ரிஷி வேலி பள்ளிக்கூடம் இன்னைக்கும் அங்க நடக்குது. இவங்க எழுதினதைக் கொஞ்சம் கொஞ்சமா எளிமையாக்கிச் சொல்லித் தரலாமே. செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு மேடையில பேச மட்டும்தான் பிள்ளைங்களுக்கு ராதாகிருஷ்ணனைத் தெரியுது. அது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

புத்தூர் அப்பா:

மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எட்டு வயசுல கூட்டல் கழித்தல் தப்பில்லாம வரணும், ரெண்டு மொழி பிழையில்லாம எழுத வரணும். என் பையன் மூணு மொழிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு ஒண்ணுமே சரியா எழுத மாட்டேங்கறான். இதுல தத்துவமும் சேர்ந்தா தாங்குமா? இதனால படிப்புல ஏதாவது முன்னேற்றம் வந்ததுக்கு ஆதாரம் இருந்தா சொல்லுங்க, நானும் செய்யறேன்.

பள்ளிப்பட்டு டீச்சர்:

நகரி அம்மாவுக்கு. நான் அரசுப் பள்ளியில தமிழாசிரியையா இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுல என் பேரன் பேத்தியோட இதைச் செஞ்சுக்கிட்டு வர்றேன், அந்த உரிமையில எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும்.

உங்க பொண்ணு கேட்ட செவப்பு நூல் கேள்வியை 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் லாக்ங்கற தத்துவ ஞானி கேட்டார். ஒருத்தர் கண்ணுக்கு வயலட் பூ தர்ற நிறமும் இன்னொருத்தர் கண்ணுக்குச் சாமந்தி தர்ற நிறமும் ஒண்ணா இருந்தா, அதை யாரால கண்டுபிடிக்க முடியும்னு. அதனால நீங்க ஆரம்பிக்க வேண்டியது ஒண்ணும் இல்லம்மா, அவ ஆரம்பிச்சாச்சு. அதை நடுவுல நிறுத்தாம இருக்கறதுதான் உங்க வேலை.

இந்தக் கேள்விங்க வீணாப் போயிடுமோங்கற உங்க பயம் நியாயமானதுதான். அமெரிக்காவுல கேரத் மேத்யூஸ்னு ஒரு தத்துவப் பேராசிரியர், குழந்தைங்க பேச்சை மட்டுமே வெச்சு 1980ல ஒரு புத்தகம் எழுதினார். ஆறு வயசுப் பையன் ஒருத்தன் பாத்திரத்தை நக்கிக்கிட்டே, இதெல்லாம் கனவு இல்லைன்னு எப்படி நிச்சயமாச் சொல்றதுன்னு அப்பாவைக் கேக்கறதுலதான் அந்தப் புத்தகம் தொடங்குது. மூணு வயசுலருந்து ஏழு வயசு வரைக்கும் இப்படிக் கேள்விங்க தானா வரும், எட்டு ஒன்பதுல குறைஞ்சுடும்னு அவர் கவனிச்சார். பெரியவங்க நாம பயன் உள்ள கேள்விக்கு மட்டும் காது குடுக்கறோம், பிள்ளைங்களும் அதைப் புரிஞ்சுக்கிட்டு மத்ததை விட்டுடுதுங்க. உங்க பொண்ணு அந்த வரம்புல நிக்கறா. இப்ப கையைப் பிடிச்சுக்கோங்க.

எப்படின்னு கேட்டா, நான் நன்னூலைத்தான் சொல்லுவேன். பள்ளிக்கூடத்துல நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணதுதான். வினா ஆறு வகை: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஒரு நாள் முழுக்க உங்க வீட்டுல பிள்ளைங்ககிட்ட நீங்க என்ன கேக்கறீங்கன்னு கவனிச்சுப் பாருங்க. "பல் தேய்ச்சியா?" அது ஏவல், கேள்வி இல்ல, கட்டளை. "ஏழெட்டு எவ்வளவு?" அது அறிவினா, விடை உங்க கையில இருக்கு, அவளைச் சோதிக்கறீங்க. பள்ளிக்கூடமும் நாள் முழுக்க அறிவினாதான் கேக்குது. தத்துவம் பேச உக்காரும்போது நீங்க கேக்க வேண்டியது ஐய வினாவும் அறியா வினாவும் மட்டும்தான். விடை உங்களுக்கே தெரியாததா, தெரியுமான்னு சந்தேகமா இருக்கறதா இருக்கணும். உங்க முகத்துல விடை இருக்குன்னு தெரிஞ்சா பிள்ளை யோசிக்காது, உங்க முகத்தைப் படிக்க ஆரம்பிச்சுடும். முப்பது வருஷத்துக்கு மேல வகுப்பறையில நின்னவ சொல்றேன்.

அடுத்தது காரணம் கேக்கறது. எங்க வீட்டு மாடியில நின்னா மலைத்தொடர் தெரியும். ஒரு சித்திரை மாசம் பேரன் ஓடி வந்து, "ஆயா, மலை எரியுது"ன்னான். நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். "நெருப்பு தெரியலையேடா?" "புகை தெரியுதே." "புகை இருந்தா?" "கீழ நெருப்பு இருக்கும். நம்ம வீட்டு அடுப்புல பார்க்கறோமே." எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. மணிமேகலையோட 29ஆம் காதையில, காஞ்சியில பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணம், அதாவது தர்க்கம், சொல்லித் தர்ற இடத்துல இருக்கறதும் இதே உதாரணம், இதே வரிசை. இந்த மலையில நெருப்பு இருக்குங்கறது பக்கம். புகை இருக்கறதாலங்கறது ஏது. அடுக்களை போலங்கறது திட்டாந்தம். ஆறு வயசுப் பையன் யாரும் சொல்லித் தராம மூணையும் வரிசையா வெச்சுட்டான்.

இது அதோட முடியல. மார்கழியில ஒரு காலையில அவனே வந்து, "இன்னைக்கும் புகை"ன்னான். அவன் தங்கச்சி, "அது பனிடா"ன்னா. ரெண்டு பேரும் கத்த ஆரம்பிச்சாங்க. நான் விடையே சொல்லல. "புகையா பனியான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம், ஆளுக்கு ஒரு வழி சொல்லுங்க"ன்னேன். பேத்தி, "வெயில் ஏறட்டும், பனியா இருந்தா போயிடும்"ன்னா. பேரன் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "புகைன்னா ஒரு எடத்துலருந்து கிளம்பி மேல போகும், இது படுத்துக் கெடக்குது"ன்னு தன் கட்சிக்கு எதிராவே ஒரு காரணம் சொன்னான். அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனையும். ஆவியோ பனியோன்னு சந்தேகம் தீராம இருக்கும்போதே அதைப் புகைன்னு வெச்சுக்கிட்டு நெருப்பு உண்டுன்னு துணியறதை, மணிமேகலை ஒரு பிழையாவே சொல்லுது. சித்தாசித்தம்னு அதுக்குப் பேரு. பேரெல்லாம் பிள்ளைங்களுக்கு வேண்டாம். உங்க மாடியிலருந்து நகரி மூக்கு மலை இன்னும் நல்லாத் தெரியுமே, கூட்டிட்டுப் போய் நில்லுங்க.

சித்தூர்த் தம்பி, உங்க ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனா எட்டு வயசுக்கு அவங்க புத்தகம் வேண்டாம். அது முடிவுகளைக் குடுக்கும், பிள்ளைக்கு இப்ப தேவை முடிவு இல்ல. பதினாறு பதினேழுல தானா தேடிப் போகட்டும்.

பாடப் புத்தகம் கேட்டீங்க. மாத்யூ லிப்மன், நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல தர்க்கம் நடத்தினவர். கல்லூரிக்கு வந்த பிறகு யோசிக்கச் சொல்லித் தர்றது ரொம்பத் தாமதம்னு அவருக்குப் பட்டுது. பிள்ளைங்களே தர்க்கத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு கதை எழுதினார், 1974ல மாண்ட்கிளேர்ல இதுக்குன்னே ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் முறை இதுதான்: வட்டமா உக்காந்து ஒரு பத்தியை ஆளுக்குக் கொஞ்சமா வாய்விட்டுப் படிக்கறது, அதுல எழுந்த கேள்விங்களைப் பிள்ளைங்க சொல்லச் சொல்ல எழுதறது, ஒண்ணைத் தேர்ந்தெடுத்துப் பேசறது. ஆசிரியர் தீர்ப்பு சொல்றதில்ல. அந்தப் புத்தகம்தான் வேணும்னு இல்லம்மா. அக்பர் பீர்பால், தெனாலிராமன் கதை எதை எடுத்தாலும் இப்படி உக்காந்து பேசலாம். தெனாலிராமன் செஞ்சது புத்திசாலித்தனமா, ஏமாத்தா? ரெண்டும் ஒண்ணா இருக்க முடியுமா? ஒரு ராத்திரிக்கு அது போதும்.

உங்க மாமியார் விஷயத்துக்கு வர்றேன், அதுதான் முக்கியம். நானும் கிருத்திகைக்குத் திருத்தணி படி ஏறுறவதான். நம்ம சைவ சித்தாந்தத்துல சிவஞான சித்தியார்னு ஒரு பெரிய நூல். அதுல முதல் பாதி பரபக்கம், அதாவது மத்தவங்க கொள்கை; அடுத்த பாதி சுபக்கம், தன் கொள்கை. தன் கொள்கையைச் சொல்றதுக்கு முன்னாடி, கடவுளே இல்லைங்கற உலகாயதன்லருந்து ஆரம்பிச்சு, எதிராளி ஒவ்வொருத்தரும் என்ன சொல்றாங்கன்னு எடுத்து வெச்சுட்டு, பிறகுதான் மறுக்கறார் அருணந்தி சிவாச்சாரியார். நாயன்மார் பாட்டு கேட்டு வளர்ந்த மண்ணுல கேள்வி கேக்கறது அவமரியாதைன்னு யாரும் சொல்லிவிட முடியாது. தேவார வகுப்புக்கும் தாராளமா அனுப்புங்க, அது மனசுக்கு, செவிக்கு. ஒண்ணுக்காக இன்னொண்ணை விட வேண்டாம்.

இதை வெச்சு எங்க வீட்டுல ஒரு விதி. யார் பேச்சை மறுக்கணும்னாலும், முதல்ல அவங்க சொன்னதை நீ திருப்பிச் சொல்லணும். அவங்க "ஆமா, நான் சொன்னது அதுதான்"னு ஒத்துக்கணும். அப்புறம்தான் உன் காரணம். பாட்டியை எதிர்த்துப் பேசறதுக்கும் பாட்டி பேச்சைப் புரிஞ்சுக்கிட்டுச் சந்தேகம் கேக்கறதுக்கும் வித்தியாசம் அப்ப பாட்டிக்கே தெரிஞ்சுடும். என் பேச்சை என் பேத்தி மாதிரி இவ்வளவு கவனமா யாரும் திருப்பிச் சொன்னதில்லைன்னு எங்க சம்பந்தியம்மாவே சந்தோஷப்பட்டாங்க.

புத்தூர் அப்பாவுக்கு. ஆதாரம் கேட்டது சரி. இங்கிலாந்துல 48 தொடக்கப் பள்ளிகள்ல 8 முதல் 10 வயசுப் பிள்ளைங்களை இப்படித் தத்துவம் பேச வெச்சு ஒரு ஆய்வு நடந்து, 2015ல முடிவு வந்துது. வாசிப்புலயும் கணக்குலயும் சுமார் ரெண்டு மாசப் படிப்பு அளவுக்கு முன்னேறினாங்கன்னு. பிறகு இன்னும் பெரிய அளவுல மறுபடி செஞ்சாங்க. 2021ல வந்த அந்த அறிக்கையில வாசிப்புல முன்னேற்றம் தெரியலை. அதனால மார்க்குக்காகன்னு செய்யாதீங்க. ஆனா உங்க பையன் மூணு மொழிக்கு நடுவுல மாட்டிக்கிட்டான்னு எழுதியிருக்கீங்க. அவன் மனசுல உள்ளதை எந்த மொழியில வேணா பேசட்டும்னு வாரத்துல ஒரு அரை மணி நேரம் விட்டுப் பாருங்க, பிழை திருத்தாம. இதுக்கு நோட்டு வேண்டாம், பரீட்சை வேண்டாம். வேற பாடத்துலருந்து நேரமும் எடுக்காது.

கடைசியா நகரி அம்மா, உங்க வீட்டுல தறி இருக்கே. அதுல எந்தப் பாகம் பழசு, எதை எதை மாத்தியிருக்கீங்கன்னு பொண்ணைக் கணக்கெடுக்கச் சொல்லுங்க. எடுத்து முடிச்சதும், இது அதே தறியான்னு கேளுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க.

நகரி அம்மா:

டீச்சர், படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை கரன்ட் கட்டான நேரமாப் பார்த்து செஞ்சோம். நடந்ததை அப்படியே எழுதறேன்.

ஓரத்துத் தறி மாமனார் வாங்கினது. அவ ஒரு சாக்பீஸ் எடுத்துக்கிட்டு, மாத்தின பாகத்துக்கெல்லாம் ஒரு கோடு போட்டா. என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல மோட்டாருக்குக் கோடு, பெல்ட்டுக்குக் கோடு, நாடாவுக்கு, அச்சுக்கு, விழுதுக்கு, மரச் சட்டத்துக்கு. கடைசியில கோடு விழாதது பக்கத்து இரும்புச் சட்டம் மட்டும்தான். "இது அதே தறியா?"ன்னேன். "அதே தறிதான், தாத்தா சட்டம் இருக்குல்ல"ன்னா. "நாளைக்கு அதுவும் உடைஞ்சு மாத்தினா?" யோசிச்சா. "ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தினா வேற தறி. ஒண்ணொண்ணா மாத்தினா அதே தறி"ன்னா. ஏன்னு கேட்டதுக்கு, "ஒண்ணொண்ணா மாத்தும்போது நடுவுல தறி ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு"ன்னா. சின்னவன் அதுக்குள்ள சாக்பீஸைப் பிடுங்கிக்கிட்டு எல்லாத்துக்கும் கோடு போட்டுட்டான், அது தனிக் கதை.

அப்புறம்தான் எதிர்பாராதது. மாமியார் கதவோரம் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க. "கழட்டின பழைய சாமான் எல்லாம் உங்க தாத்தா தூக்கிப் போடலை, பரண்ல சாக்குல கட்டி வெச்சிருக்கார்"ன்னாங்க. பொண்ணு கண்ணு விரிஞ்சுடுச்சு. "அதை எல்லாம் எடுத்து அப்பா ஒரு தறி பூட்டினா, அப்ப எது தாத்தா தறி? ஆயுத பூஜைக்கு எதுக்கு முதல்ல பொட்டு வைக்கறது?" மாமியார் உடனே, "பழசைப் பூட்டினதுக்குத்தான். அவர் கை பட்டது அதுலதானே"ன்னாங்க. உங்க விதி எனக்கு ஞாபகம் வந்துச்சு. "முதல்ல ஆயா சொன்னதைச் சொல்லு"ன்னேன். அவ சொன்னா: "தாத்தா தொட்டது எங்க இருக்கோ அதுதான் தாத்தா தறின்னு ஆயா சொல்றாங்க." மாமியார், "ஆமாடி கண்ணு"ன்னாங்க. "அப்படின்னா ஆயா, தாத்தா நெய்ஞ்ச லுங்கியைக் கட்டிக்கிட்டிருக்கறவங்க எல்லாம்?"னு ஆரம்பிச்சா. மாமியார் சிரிச்சுட்டாங்க, ஆனா விடலை. கரன்ட் வந்தும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்துக்கலை.

இதுக்கு விடை உண்டா டீச்சர்?

பள்ளிப்பட்டு டீச்சர்:

உங்க பொண்ணு பரண் சாக்கைக் கேட்டதும் போட்ட கேள்வியை 1655ல தாமஸ் ஹாப்ஸ்ங்கற இங்கிலாந்துத் தத்துவ ஞானி எழுதி வெச்சிருக்கார்மா. கிரேக்கர்கள் தீசியஸ்ங்கற வீரனோட கப்பலைப் பலகை பலகையா மாத்திப் பாதுகாத்தாங்க, அது அதே கப்பலான்னு பழைய காலத்துலயே வாக்குவாதம். கழட்டின பலகையை எல்லாம் ஒருத்தன் சேர்த்து வெச்சு அதே வரிசையில இன்னொரு கப்பல் கட்டினா எது அசல்னு ஹாப்ஸ் கேட்டார். உங்க பொண்ணு சொன்ன "ஓடிக்கிட்டே இருந்துச்சு"ங்கறது ஒரு பக்கம், உங்க மாமியார் சொன்ன "கை பட்டது"ங்கறது இன்னொரு பக்கம். இன்னைக்கும் தத்துவம் படிச்சவங்க இந்த ரெண்டு பக்கமும் நின்னு பேசறாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்ட விடைன்னு ஒண்ணு இல்ல. அதை அவகிட்ட அப்படியே சொல்லுங்க, பெரியவங்களுக்கும் இன்னும் முடிவாகலைன்னு. பிள்ளைங்களுக்கு அது பெரிய மரியாதை.

உங்க மாமியாரை விட்டுடாதீங்க. அடுத்த தடவை கேள்வியை அவங்களையே எடுக்கச் சொல்லுங்க.

புத்தூர் அப்பா:

டீச்சர், படிச்சேன். பையனோட உக்காரலாம்னு இருக்கேன், ஆனா அவன் "தெரியாது" ஒண்ணுதான் சொல்லுவான். அப்புறம் நகரிக்காரங்க சின்னவன் மாதிரி எனக்கும் ஒரு சின்ன வாலு இருக்கு. அஞ்சு வயசை வெச்சுக்கிட்டு இதெல்லாம் எப்படி?

பள்ளிப்பட்டு டீச்சர்:

"தெரியாது"ன்னா விடுங்க, வற்புறுத்தாதீங்க. நீங்களும் உங்க மனைவியும் அவன் முன்னாடி ஒரு விஷயத்துல நிஜமா ஒத்துப்போகாம, கோபமில்லாம காரணம் சொல்லிப் பேசுங்க. பத்து நிமிஷத்துல அவன் யாராவது ஒருத்தர் பக்கம் சேர்ந்துடுவான்.

சின்னதுங்களுக்கு இந்த அதே தறியா, கனவா எல்லாம் இப்ப வேண்டாம். நியாயம்தான் அதுங்களுக்கு உயிர், அதைப் பேசுங்க. வீட்டுல அதிரசம் சுட்டா தட்டை அவன் கையிலயே குடுத்து எல்லாருக்கும் பிரிக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் சமமா, பசிச்சவங்களுக்கு அதிகமா, சுட்டவங்களுக்கு அதிகமா? அவன் எப்படிப் பிரிச்சாலும் தடுக்காதீங்க, ஏன் அப்படின்னு மட்டும் கேளுங்க. பெரியவன் குறுக்க பேசக் கூடாது. அடுத்த தடவை தட்டு பெரியவன் கையில, அப்ப அவன் காரணத்தைச் சொல்லட்டும்.